ஜனவரி உப்பு

ஏப்ரல் முதல் தேதி காலையில் அந்த வீட்டில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. காரைத்தான் விசாரிப்பார்கள்.

“எழுந்துட்டாளா இளவரசி?” என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் நுழைந்தாள் ஹில்டா. எக்கார்ட்டின் அக்கா. தம்பி வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று மூடியைத் திறந்து பார்க்காவிட்டால் அவளுக்குப் பொழுது விடியாது.

“விடியறதுக்கு முன்னாடியே ஷெட்டுக்குப் போயிட்டார் அண்ணி,” என்றாள் ரோஸ்விதா.

“நான் என் தம்பியைக் கேக்கலை. காரைக் கேட்டேன்.” மூடியைத் திறந்தாள். “தண்ணி கொதிச்சுடப் போகுது, பாத்துக்கோ. கொதிச்சா சாசேஜ் தோல் வெடிச்சுடும். கார் கிளப் ஆளுங்க எல்லாம் வராங்க… மானம் போயிடும்!”

“முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு தடவையாவது வெடிச்சிருக்கா அண்ணி?”

“அதனாலதான் பயமா இருக்கு. இன்னிக்குன்னு பார்த்து வெடிக்கும்.”

ரோஸ்விதா மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தாள். ஷெட்டுக் கதவு இன்னும் மூடியேதான் இருந்தது.

மலையடிவாரத்தில் மூன்று குடித்தனம் இருக்கிற பெரிய வீடு அது. கீழே எக்கார்ட்டும் ரோஸ்விதாவும். மாடியில் மகன் க்விரினும் மருமகள் அன்னிகாவும். கணவனை இழந்த ஹில்டாவுக்குப் பக்கத்து அறைகள். நான்காவது குடித்தனம் ஷெட்டில். உண்மையைச் சொன்னால் வீட்டிலேயே நல்ல அறை அதுதான். தரையெல்லாம் ஓடு, குளிருக்கு ஹீட்டர், மேலே மெத்தென்ற பருத்திப் போர்வை. ரோஸ்விதாவின் சின்னக் கார் மட்டும் குளிர்காலம் முழுக்க வாசலில் பனியில் நனைந்துகொண்டு கிடக்கும்.

ஷெட்டில் இருந்தது ஒரு வெள்ளி நிற ரோட்ஸ்டர், கூரை மடங்கும் கார். நீண்ட மூக்கு, உருண்டை விளக்குகள், இரண்டு பக்கமும் மீன் செவுள் மாதிரி காற்றுத் துளைகள். இரண்டே இருக்கை. முகத்தைப் பார்த்தால் ஐம்பதுகளில் பிறந்த கார் என்பீர்கள். மூடியைத் திறந்தால் உள்ளே இந்த நூற்றாண்டின் எட்டு சிலிண்டர் எஞ்சின் உறுமும். எக்கார்ட் வேலை பார்த்த மியூனிக் கம்பெனி கொஞ்ச காலமே செய்து நிறுத்திவிட்ட வண்டி. ஓய்வு பெற்ற வருஷம் அதை வாங்கி வந்து ‘இளவரசி’ என்று பெயர் வைத்தார். கட்டிய மனைவியை ஒரு நாளும் அப்படிக் கூப்பிடாத மனுஷர்! போகட்டும், அதற்கெல்லாம் பொறாமைப்பட ரோஸ்விதாவுக்கு நேரமில்லை. அவளுக்கு உறுத்தியது வேறு. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவளை அவர் ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஊரிலேயே நன்றாகக் கார் ஓட்டத் தெரிந்தவள் ரோஸ்விதாதான். இருபத்திரண்டு வயதில், வீட்டுக்குப் பின்னால் ஏறும் மலைப்பாதையில் நடந்த ஏற்றப் பந்தயத்தில், அப்பாவின் பழைய காரை ஓட்டி முதலாவதாக வந்தவள். இரண்டாவதாக வந்தவர் எக்கார்ட். அடுத்த வருஷம் அவளையே கல்யாணம் செய்துகொண்டார். “எங்க வீட்டுப் பொம்பளைங்க ரேஸ் ஓட்ட மாட்டாங்க,” என்றாள் மாமியார். எக்கார்ட் வாயே திறக்கவில்லை. ரோஸ்விதா ஹெல்மெட்டைப் பரணில் போட்டாள். கோப்பை எங்கே போனது என்று அவளுக்கே தெரியாது. பெற்ற பிள்ளைக்குக்கூட இந்தக் கதை தெரியாது.

அந்த ரோட்ஸ்டரின் நம்பர் பலகை ஓரத்திலேயே போட்டிருக்கும், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்று. மற்ற மாதங்களில் சாலையில் இறக்கினால் குற்றம், இன்ஷூரன்சும் கிடையாது. சட்டத்தைவிடப் பெரிய பயம் உப்பு. பனி உருகச் சாலையில் தூவுகிற உப்பு ஒரு தரம் அடியில் ஏறினால் இரும்பை அரித்துத் தின்றுவிடும். எங்கள் பக்கத்து ஆண்களிடம் நீங்கள் எதை வேண்டுமானாலும் பேசலாம். கோடைக்காலக் காரை ஜனவரியில் எடுத்தேன் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

ஜனவரியில் ரோஸ்விதா அதைத்தான் செய்தாள்.

எக்கார்ட் பெரிய காரை எடுத்துக்கொண்டு ப்ரேமனில் நடந்த பழைய கார்க் கண்காட்சிக்குப் போயிருந்தார். ஹில்டா வெளியூர் வெந்நீர் ஊற்றில் சில நாள் குளிக்கவென்று, ஒரு வார்த்தை கேட்காமல், ரோஸ்விதாவின் சின்னக் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். க்விரின் வேலை நிமித்தம் போர்ச்சுகலில். அன்றைக்கு மாடிப்படியில் ஏதோ விழுந்த சத்தம். ஓடிப் பார்த்தால் அன்னிகா. முகம் சுண்ணாம்பாக வெளுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

“அத்தை… நான் முழுகாம இருக்கேன். யாருக்கும் தெரியாது. அத்தை, உள்ள என்னமோ கிழியுது…”

ஆம்புலன்சுக்குப் போன் போட்டால், பள்ளத்தாக்குச் சாலையில் பனி பாரம் தாங்காமல் மரம் விழுந்திருக்கிறது, சுற்றித்தான் வர வேண்டும் என்றார்கள். இந்தப் பனிப்பொழிவில் ஹெலிகாப்டர் எழும்பாது. மிச்சமிருந்தது பின்பக்க மலைப்பாதை. வீட்டில் மிச்சமிருந்தது ஒரே கார். சாவி எந்த டிராயரில் எந்தச் சாக்ஸுக்கு அடியில் இருக்கிறது என்று தெரியாத மனைவி உலகத்தில் உண்டா?

பனியில் பிடிக்காத கோடைக்கால டயர், பின்சக்கரம் தள்ளுகிற வண்டி, பனி. ரோஸ்விதாவின் காலுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பனி தள்ளுகிற லாரியின் பின்னாலேயே, அது வாரி இறைத்த உப்பெல்லாம் கண்ணாடியில் சடசடவென்று அடிக்க அடிக்க ஏறினாள். பக்கத்து இருக்கையைச் சாய்த்து அன்னிகாவைப் படுக்க வைத்திருந்தாள். உச்சியில் லாரிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். இறக்கத்தில் ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை மருமகளின் கையில். கரு கருப்பைக்கு வெளியே தங்கிக் கருக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தாயையும் பிழைக்க வைத்திருக்க முடியாது என்றார்.

கண் விழித்த அன்னிகா முதலில் கேட்டது ஒரு சத்தியம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கரு கலைந்தபோது, சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் முன்னால் ஹில்டா சொன்னாள்: “நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் யாருக்கும் இப்படி ஆனதில்லையே!” க்விரின் அன்றைக்குக் குழந்தை மாதிரி அழுதான். “இதை நானே அவர்கிட்ட சொல்றேன் அத்தை. அதுவரைக்கும் யாருக்கும்…” “சொல்ல மாட்டேன்டா கண்ணு,” என்றாள் ரோஸ்விதா. இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே அவளோடு இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து காரைக் கழுவினாள். இருக்கையை எக்கார்ட்டின் நீளக் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளினாள். போர்வையை மூடினாள். க்விரின் மார்ச்சில் திரும்பி வந்தும் அன்னிகாவுக்கு இன்னும் வாய் வரவில்லை.

“ரோஸ்விதா!”

முற்றம் அதிர்ந்தது. ஷெட்டுக் கதவு திறந்து கிடந்தது. எக்கார்ட் வெள்ளைத் துணி ஒன்றை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். வருஷா வருஷம் வண்டியை மேலே தூக்கி அடிப்பாகத்தை அந்தத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே வந்தது என்று எல்லோருக்கும் காட்டுவது அவருக்கு ஒரு சடங்கு. இன்றைக்குத் துணியில் சாம்பல் நிறத்தில் பொருக்குப் பொருக்காக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“உப்பு…” அவர் குரல் உடைந்தது. “உப்பு! செவுளுக்குப் பின்னாடி, சக்கரத்துக்கு மேல, எங்க பார்த்தாலும் உப்பு! யாரு எடுத்தீங்க என் காரை?”

க்விரினும் அன்னிகாவும் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். ஹில்டா முந்திக்கொண்டு ஓடினாள்.

“நான்தான் எடுத்தேன்,” என்றாள் ரோஸ்விதா.

எக்கார்ட் துணியைத் தாழ்த்தினார். “நீயா? எப்ப?”

“நீங்க ப்ரேமன் போயிருந்தப்ப. ஜனவரியில.”

“ஜனவரியிலயா! இன்ஷூரன்ஸ் இல்லாம… கோடை டயரோட… பனியில! உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? எங்க போன? எதுக்குப் போன?”

“ஒரு அவசரம். அதுக்கு மேல கேக்காதீங்க.”

“ஓஹோ!” என்றாள் ஹில்டா. அந்த ‘ஓஹோ’வை அவள் பல நாளாகச் சேமித்து வைத்திருந்தது மாதிரி இருந்தது. “பேக்கரியில அந்தப் பனி லாரிக்காரர் சொன்னப்ப நான் நம்பலை, தம்பி. வெள்ளி நிற வண்டி, ஓட்டினது ஒரு பொம்பளையாம். பக்கத்து சீட்டைச் சாய்ச்சு யாரோ படுத்திருந்தாங்களாம், தலை வரைக்கும் போர்த்திக்கிட்டு! அப்ப ரெண்டு நாளா நான் வீட்டுக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தேன், எடுக்க ஆளில்லை. யாரை ஏத்திக்கிட்டுப் போனா, எங்க தங்கினா… நான் ஒண்ணும் சொல்லலைப்பா. நீயே கேட்டுக்கோ.”

“அத்தை, எங்கம்மாவைப் பத்தி என்ன பேசறீங்க?” என்று க்விரின் சீறினான்.

“நான் என்னடா பேசினேன்? நடந்ததைச் சொன்னேன்!”

அன்னிகா ஒரு அடி முன்னால் வைத்தாள். ரோஸ்விதா அவளைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள். ‘வேண்டாம். இப்படி வேண்டாம். இந்த முற்றத்தில், இந்த வாய்களுக்கு முன்னால் வேண்டாம்.’ அன்னிகா நின்றுவிட்டாள்.

“பக்கத்துல யாரு இருந்தா?” எக்கார்ட் கிட்டே வந்தார். கோபத்தில் காது சிவந்திருந்தது. “சொல்லு ரோஸ்விதா. இன்னும் கொஞ்ச நேரத்துல கிளப் ஆளுங்க வந்துடுவாங்க. அதுக்குள்ள சொல்லு. இல்லேன்னா… இந்த வீட்டுல நாம ஒண்ணா இருக்கறதுல அர்த்தமே இல்லை!”

அந்த வார்த்தை வந்து விழுந்ததும் அவரே கொஞ்சம் திடுக்கிட்டார். ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ரோஸ்விதாவுக்குக் கண்ணீர் முட்டியது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். மருமகளைக் காட்டிக் கொடுத்தால் போதும், தான் தப்பித்துக்கொள்ளலாம். அவள் ஏப்ரனை அவிழ்த்தாள். நிதானமாக நாலாக மடித்து, அதை அவர் கையில் இருந்த வெள்ளைத் துணியின் மேல் வைத்தாள்.

“சொல்ல மாட்டேன்,” என்றாள். “நீங்க என்னை வெளியில அனுப்பினாலும் சொல்ல மாட்டேன். மன்னிப்பும் கேக்க மாட்டேன். ஆமா, எடுத்தேன்! மறுபடி அப்படி ஒரு நாள் வந்தா மறுபடியும் எடுப்பேன். உப்பு என்ன, நெருப்பே கொட்டினாலும் எடுப்பேன்! அந்தப் பாதை எனக்குப் புதுசா? அதோ தெரியுதே, அந்த மூணாவது வளைவு… அங்க எனக்குப் பின்னாடி வந்தவர் யாருங்க? சொல்லுங்க, உங்க பிள்ளைகிட்ட! யாரு முதல்ல வந்தா, யாரு ரெண்டாவது வந்தா?”

க்விரின் வாயைப் பிளந்தான். “அம்மா… நீ ரேஸ் ஓட்டினியா?”

“ஓட்டினேன்டா. ஜெயிச்சேன். அப்புறம் சாசேஜ் வேக வெச்சேன்.” எக்கார்ட்டின் பக்கம் திரும்பினாள். “உங்க அம்மா நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்தினேன். நீங்க சும்மா நின்னீங்க, பொறுத்துக்கிட்டேன். உங்க கார் ஷெட்டுல தூங்குது, என் கார் பனியில கிடக்குது, அதுக்கும் வாயைத் திறக்கலை. ஆனா யாரோடயோ போனேன்னு உங்க அக்கா பேசறதை நீங்க கேட்டுக்கிட்டு நிக்கறீங்க பாருங்க… அதை மட்டும் பொறுத்துக்க மாட்டேன். நான் கிளம்பறேன். நீங்க போகச் சொன்னதுக்காக இல்லை. இதுக்கு மேல இங்க நிக்க எனக்கு இஷ்டம் இல்லை!”

“அத்தை, போகாதீங்க!”

கத்தியது அன்னிகா. அந்தச் சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் நினைத்ததில்லை.

“கண்ணு, வேண்டாம்…”

“போதும் அத்தை! எனக்காக நீங்க பட்டது போதும்!” அவள் எக்கார்ட்டின் எதிரில் வந்து நின்றாள். “அந்த சீட்டுல படுத்திருந்தது நான்தான் மாமா. நான்தான்! செத்துக்கிட்டு இருந்தேன். கரு வெளியில தங்கி வெடிச்சுடுச்சு. ஆம்புலன்ஸ் வரலை, வீட்டுல வேற வண்டி இல்லை. பெரியத்தை இவங்க காரைக் கேக்காம எடுத்துக்கிட்டுப் போயிருந்தாங்க. இவங்க அந்த மலையில, அந்த டயர்ல, ஒரு கையால என்னைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டினாங்க… நான் கேட்டதுக்காக மூணு மாசமா வாயை மூடிக்கிட்டு இருக்காங்க. இப்ப சொல்லுங்க, எவனோட போனாங்க? சொல்லுங்க பெரியத்தை!”

க்விரின் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். “என்கிட்ட… ஏன் சொல்லலை அன்னிகா?”

“நீ மறுபடியும் அழறதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. இப்பவும் இல்லை.”

அவன் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் அழுதார்கள். ரோஸ்விதா இருவர் தலையையும் சேர்த்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஹில்டா மெதுவாக அன்னிகாவிடம் வந்தாள். கையைப் பிடிக்கப் போனாள், தைரியம் வராமல் அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்கு மேஜையில சொன்னேனே… நம்ம குடும்பத்துல யாருக்கும் ஆனதில்லைன்னு. அது பொய்ம்மா. எனக்கு ஆயிருக்கு. ரெண்டு தடவை. எங்கம்மா வெளியில சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. சொல்லாம சொல்லாம எனக்கு நாக்கெல்லாம் விஷமாப் போச்சு…” அதற்கு மேல் முடியாமல் விம்மினாள்.

அன்னிகா உடனே மன்னித்துவிடவில்லை. ஆனால் தன் சட்டையைப் பிடித்திருந்த அந்தக் கையைத் தட்டிவிடவும் இல்லை.

உள்ளேயிருந்து ‘பட் பட்’ என்று சத்தம் கேட்டது. எல்லோரும் மறந்துவிட்ட பானை. தண்ணீர் கொதித்து, சாசேஜ் ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டிருந்தது.

“நான் பாத்துக்கறேன்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள் ஹில்டா. அந்தச் சமையலறையில் மூடியைத் திறந்து குறை சொல்லாமல் அவள் வேலை செய்யப் போனது அதுதான் முதல் தடவை.

எக்கார்ட் ரோஸ்விதாவைப் பார்த்தார். துணியையும் ஏப்ரனையும் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

“ரோஸ்விதா… எனக்குத் தெரியாது…”

“தெரியாம இருந்தா என்ன வேணும்னாலும் பேசிடலாமா?”

“தப்புதான்.” அவர் தலை தாழ்ந்தது. “ஆனா போலீஸ் பிடிச்சிருந்தா… இன்ஷூரன்ஸ்…” அவள் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் பாதியிலேயே செத்தது. பிறகு வேறு குரலில் பேசினார். “அந்த மூணாவது வளைவுல நான் பிரேக் போட்டேன். நீ போடலை. அது இன்னும் என் நெஞ்சுல இருக்கு. எங்கம்மா உன்னை நிறுத்தச் சொன்னப்ப நான் ஏன் பேசலை தெரியுமா? உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டேன். நீ இந்தக் கார்ல உட்கார்ந்தா ஒரே நாள்ல எல்லாருக்கும் தெரிஞ்சுடும், எனக்கு ஓட்ட வராதுன்னு. அதான் சாவியைக் கொடுக்கலை… அவ்வளவுதான் நான்.”

ரோஸ்விதாவுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. “இத்தனை வருஷம் என் சமையல்ல ஆயிரம் குறை சொன்னீங்க எல்லாரும். நான் செத்தா போயிட்டேன்? நீங்க மோசமா ஓட்டறீங்கன்னு ஒருத்தர் சொன்னா என்ன ஆகிடும்? தெரியட்டுமே!”

அவள் கையை நீட்டினாள். அவர் சாவியை வைத்தார்.

போர்வை தரையில் கிடக்க, இளவரசி வெயிலுக்காகக் காத்திருந்தாள். ரோஸ்விதா ஏறி உட்கார்ந்து, இருக்கைக்கு அடியில் கைவிட்டு அதை முன்னால் இழுத்தாள். பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தன் கண்ணுக்கு இறக்கினாள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமி எழுந்தது. முற்றத்துக் கோழிகள் ஓடின.

அதே நேரம் வாசலில் ஹாரன் சத்தம். கிளப் நண்பர்கள் வரிசையாகத் தங்கள் வண்டிகளில் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக எக்கார்ட் ஸ்டியரிங்கில் அமர்ந்து கையசைத்து அவர்களை வரவேற்கும் நேரம்.

“நீங்க வரீங்களா, இல்லையா?” என்றாள் ரோஸ்விதா. “மலை வரைக்கும் போறேன். தனியாப் போகவும் எனக்குத் தெரியும்.”

எக்கார்ட் வாசலைப் பார்த்தார். நண்பர்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்கள். முன்னால் இருந்தவர் சிரித்துக்கொண்டே கத்தினார். “என்ன எக்கார்ட், இன்னிக்கு உன்னை ஓரம் கட்டிட்டாங்களா?”

ஒரு கணம் அவர் கால் தயங்கியது. பிறகு காரைச் சுற்றிக்கொண்டு நடந்தார். மறுபக்கக் கதவைத் திறந்து, ஏப்ரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஆமாப்பா,” என்று சத்தமாகச் சொன்னார். “இவதான் ஓட்டுவா. அந்த மலையில இவ என்னை ஜெயிச்சவ. நீங்க எல்லாரும் கொஞ்சம் வழி விடுங்க.”

வண்டிகள் ஒதுங்கின. மாடிப்படியில் நின்ற அன்னிகா அழுதுகொண்டே கையசைத்தாள். ரோஸ்விதா கியரைப் போட்டாள். கிளம்பும் முன் அவர் பக்கம் திரும்பினாள்.

“ஜனவரியில வந்ததும் இந்த சீட்டை உங்களுக்காகப் பின்னாடி தள்ளி வெச்சேன்,” என்றாள். “இன்னிக்கு தள்ள மாட்டேன். இனிமே இது இங்கதான் இருக்கும். வேணும்னா நீங்க தள்ளிக்குங்க.”